பாய்லர் பார்க்கிறவர்

"மாமாவுக்கு ஸ்வான்சீ வீட்டுல ஒரு ரூம் வேணும்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அந்த வீட்டுக்காரன், அண்ணன் எல்மீரோ, போனில் மூன்று தடவை சொல்லியிருந்தான். "லீனோ காதுபட அந்தப் பேச்சை எடுக்காதடி" என்று அம்மாவும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தாள். இருவருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டுத்தான் நேலியா வூஸ்டரிலிருந்து காரை எடுத்தாள். ஆனால் அம்மாவின் கீழ்வீட்டு மேசையில் உட்கார்ந்து கீரை சூப்பில் முதல் கரண்டியை விட்டதும் கேட்டுவிட்டாள். லீனோ மாமா அதே அறையின் மூலையில் மண்டியிட்டு, சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த திருப்புளி நின்றது. பிறகு மறுபடி திரும்பத் தொடங்கியது. இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டியதில் அவருக்கு ஒரு காது போயிருந்தது. எந்தக் காது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அவர் எதிரில் எது பேசினாலும் அது போன காதில் விழுந்ததாக வைத்துக்கொள்வார்கள்.

"சூப்பைக் குடி" என்றான் எல்மீரோ.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் புதுசா இழுத்துக் கட்டினது அம்மாவுக்கு ஒரு ரூம். பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. ஷெரிலுக்குத் தையல் மெஷின் வெக்க ஒண்ணு. வேற எங்க இருக்கு? கூரை மேல ஏத்தட்டுமா?"

"தையல் மெஷினுக்கு ரூம் இருக்கு."

"இருக்கு. என் பொண்டாட்டியோட வீடு அது. நாலு வருஷம் காலேஜ்ல போய் உக்காந்துட்டு வந்துட்டா பெரிய நியாயம் கேக்க வந்துடறதா?"

"சாப்பாட்டு முன்னாடி சண்டை போடாதீங்க" என்றாள் அம்மா. ரொட்டியைப் பிய்த்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

மூலையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "ஓடிலியாக்கா, இந்தக் கீலு துரு ஏறிக் கெடக்கு. எண்ணெய் இருக்கா?"

அம்மா எழுந்து போய் எண்ணெய் எடுத்துக்கொடுத்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டை விற்பதென்று முடிவாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது; ஃபால் ரிவரின் சரிவில் நிற்கிற அந்த வீட்டில் தெருவிலிருந்து ஏறினாலும் படி, கீழே இறங்கினாலும் படி. அப்பா எர்மானோ இறந்து நாலு வருடம். இறப்பதற்கு முன்னால், பராமரிப்புச் செலவுக்கு ஈடாக முதியோர் இல்லத்துக்காரர்கள் கையில் வீடு போய்விடக் கூடாதென்று, அந்த ஊரில் வயதான எல்லோரும் செய்கிற மாதிரி, பிள்ளைகள் இருவர் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அம்மா உள்ளவரை அம்மா இருந்துகொள்ளலாம். ஆக, விற்க மூன்று கையெழுத்து வேண்டும். சந்தையில் போடுவதற்கான தாள் மார்ச்சில் நேலியாவின் போனுக்கு வந்தது. அவள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டை மென்றுகொண்டே விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்கி அனுப்பினாள். மாமா எங்கே போவார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. இந்த ஒரு மாதமும் அவளைத் தின்றது அந்த இடைவெளிதான், மத்தியானத்துக்கும் சாயந்திரத்துக்கும் நடுவில் இருந்த அது.

கடல் நடுவே ஒரு தீவிலிருந்து குடியேறிய அவள் ஆட்கள் ஃபால் ரிவரில் வீடு வாங்கினால் செய்கிற முதல் வேலை, கீழே தரைக்கடியில் இன்னொரு சமையலறை கட்டுவது. மேலே இருப்பது பார்க்க. கீழே இருப்பது பிழைக்க. ஓடிலியா வீட்டிலும் மேல் சமையலறையில் வெள்ளை அடுப்பு ஒன்று முப்பது வருடமாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு முட்டைகூட வெந்ததில்லை. கருவாடு ஊறுவது, மிளகாய் அரைப்பது, தொத்திறைச்சி வதக்குவது, பிள்ளைகள் பாடம் எழுதுவது, அப்பா வைன் குடித்துவிட்டு அழுவது எல்லாம் கீழ்வீட்டில். மேலே சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை நேலியா பிறந்ததிலிருந்து யாரும் கழற்றியதில்லை.

அந்தக் கீழ்வீட்டில் முதலில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அம்மா குனிந்தே சமைத்தாள். தீவிலிருந்து வந்து சேர்ந்த தம்பி லீனோ அதைப் பார்த்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து காலை ஏழு மணிக்கு மண்வெட்டியை எடுப்பார். ஊரே கருங்கல் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மண்ணைவிடக் கல்லுதான் அதிகம் வந்தது. வாளி வாளியாகப் பின்வாசல் படியேறிக் கொல்லையில் கொட்டினார். இரண்டு குளிர்காலம் தோண்டி ஓர் அடி ஆழப்படுத்தி, சிமெண்டு போட்டு, "இப்ப நில்லுக்கா" என்றார். அம்மா நின்றாள். அந்த மண்மேட்டின் மேல்தான் இப்போது திராட்சைப் பந்தல். வீட்டைச் சூடாக்குகிற பாய்லருக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் ஒரு தடுப்பு வைத்து மாமா தனக்கொரு கட்டில் போட்டுக்கொண்டார். அது ஆயிற்று முப்பத்தொரு வருடம். கல்யாணம் என்று ஒன்று பேசினார்கள், பேச்சோடு போயிற்று.

இப்போது அந்தச் சமையலறையைத்தான் அவர் கழற்றிக்கொண்டிருந்தார். அனுமதி வாங்காமல் கட்டியது, விற்கும்போது தொல்லை என்று கோனி மெடைரோஸ் சொல்லிவிட்டாள். கோனி வீடு விற்றுக்கொடுக்கிறவள். அவள் அப்பாவும் அதே தீவுக்காரர்தான். அதனால் எதை எதை மறைக்க வேண்டும் என்று வெளியாட்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் நாள் வந்தபோது கோனி கையில் ஒரு பட்டியலோடு அறை அறையாக நடந்தாள். குடும்பப் படங்கள் எல்லாம் இறங்க வேண்டும். திருஇருதயப் படம் இறங்க வேண்டும். அலமாரிகளில் பாதிதான் சாமான் இருக்க வேண்டும், அப்போதுதான் பெரிதாகத் தெரியும். சுவர் முழுக்கச் சாம்பலுமில்லாத பழுப்புமில்லாத ஒரு நிறம்.

"ஓடிலியாக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் கோனி. "வர்றவங்க பாஸ்டன் பக்கத்து ஆளுங்க. ரயில் வந்ததுலேர்ந்து இங்கதான் தேடறாங்க. வந்து நின்னா அவங்க கண்ணுக்கு அவங்கதான் தெரியணும். நீங்க தெரியக் கூடாது."

"நான் என்ன பேயாடி?"

"வாசல்ல அந்த மாதா கெபி. குளிக்கற தொட்டியைக் குத்திட்டு வெச்சு, அதுக்குள்ள ஒரு மாதா சிலை... அதுவும் வேணாம்."

"மாதாவைத் தூக்கி எங்கடி வெக்கறது?"

"கொல்லையில செவத்தோரமா. வித்ததும் எடுத்துட்டுப் போயிடலாம்."

"செவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாளா? அவ என்ன தப்பு பண்ணா?"

எல்மீரோ சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. மேல் சமையலறைக்கு வந்ததும் கோனி அடுப்பைத் தடவிப் பார்த்தாள். "புதுசா வாங்கினீங்களா?"

"முப்பது வருஷமாச்சு."

"பத்த வெச்சதே இல்லையா?"

"எதுக்கு? கீழதான் இருக்கே."

"எங்கம்மாவும் இப்படித்தான் வெச்சிருந்தா" என்று கோனி சிரித்தபடி அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டாள். பாய்லருக்குப் பின்னாலிருந்த தடுப்பைத் திறந்து, கட்டிலையும் ரேடியோவையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, பட்டியலில் 'சேமிப்பு அறை' என்று எழுதினாள்.

மூன்று வாரம் நேலியா சனி ஞாயிறுகளில் வந்து வேலை செய்தாள். சுவரையெல்லாம் வினிகர் போட்டுக் கழுவினார்கள். முப்பது வருடக் கருவாட்டு வாசம் முதலில் எழுந்து நின்று பார்த்துவிட்டுத்தான் போயிற்று. சோபா உறையைக் கத்தரித்து எடுத்தபோது உள்ளே சோபா கடைக்குப் புதிதாக வந்தது போல இருந்தது. அதில் உட்காரக் கூசி அம்மா நின்றுகொண்டே இருந்தாள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளை மாமா விரலால் சுண்ணப்பசை தடவி அடைத்தார். அடைத்த இடத்தில் ஆணி இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஒரு கை.

மூன்றாவது சனிக்கிழமை அவருடைய அறைக்கே அவர் பெயிண்ட் அடித்தார். நேலியா இன்னொரு உருளையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, இது உங்க ரூம்."

"ஆமா. அதான் நானே அடிக்கறேன். வெளியாளு அடிச்சா மூலையை விட்டுடுவான்."

"எங்க போகப் போறீங்க?"

"சவுத் மெயின் தெருவுல ஒண்ணு பாத்திருக்கேன் குட்டி. கீழ பேக்கரி. விடிகாலைல சூடு தானா மேல ஏறி வரும், பாய்லர் வேண்டியதில்ல." அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டு லேசாகச் சிரித்தார். "ஆறு ரூமுக்கு ஒரு கக்கூஸ். அதுக்கென்ன, மில்லுல நாப்பது பேருக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"என்னத்தை?"

"ஸ்வான்சீக்கு வரேன்னு."

அவர் உருளையைத் தட்டில் உருட்டி, அதிகப் பெயிண்டை வழித்துவிட்டு, சுவரில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். "முடியும்னா அவளே சொல்லியிருப்பா. அவ சொல்லாததை நான் கேட்டா அவளுக்கு வெக்கமாப் போயிடும். அக்காவை வெக்கப்பட வெக்கலாமா?"

நேலியாவுக்கு அப்போது கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. பதின்மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிற மீன்முள். கல்லூரி முதல் வருடம், நன்றி நாள் விடுமுறைக்கு ஹானா என்ற சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹானாவின் அப்பா டாக்டர், அம்மா டாக்டர். அவளைக் கீழ்வீட்டுக்கே கொண்டு போகாமல், மேலே பிளாஸ்டிக் சோபாவில் உட்கார வைத்து, அம்மாவைத் தட்டுகளோடு படியேறி வரச் செய்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வாசல் கதவைத் திறந்துகொண்டு மாமா பனியனோடு வந்து நின்றார். "யார் இது?" என்று ஹானா சாதாரணமாகத்தான் கேட்டாள். "பாய்லர் பார்க்கிறவர்" என்றாள் நேலியா. மாமா அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஹானா பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பாய்லர் நல்லா ஓடுதும்மா, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அம்மா தட்டை வைத்துவிட்டு உருளைக்கிழங்கைப் பரிமாறினாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கின முதல் ஆள் நேலியா. அதற்கு முந்தியே அவள் படித்து முடித்த பாடம் அது ஒன்றுதான், சொந்த மனிதரை ஒரு வாக்கியத்தில் வேலையாள் ஆக்குவது.

"மாமா, அன்னிக்கு ஹானா வந்திருந்தப்போ..."

"எந்த ஹானா?"

"என்கூடப் படிச்சவ. நன்றி நாளுக்கு வந்தாளே."

"ஆங். குளிருதுன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. நான் போய்ச் சூட்டைக் கூட்டி வெச்சேன்." அவர் மூலையில் குனிந்து தூரிகையால் நுணுக்கமாக அடித்தார். "பாய்லர் அன்னிக்கு நல்லாத்தான் ஓடிச்சு குட்டி."

மன்னித்தாரா, அறைந்தாரா, அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர் குரல் அப்படியேதான் இருக்கும்.

அன்று மாலை அம்மாவும் அவளும் மேலே ஜன்னல் துடைத்தார்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, வினிகரில் நனைத்து, அம்மா உள்ளேயும் அவள் வெளியேயும்.

"மாமா பாவம்மா."

"நானா பாவம் இல்லேன்னேன்?"

"அந்தத் தரையைத் தோண்டினவரு அவரு."

"எனக்கே சொல்றியா? வாளி எடுத்துக் குடுத்தது நான். உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு." அம்மா கண்ணாடியில் ஒரே இடத்தைத் தேய்த்தாள். "அங்க போய் மருமக கையால காபி வாங்கிக் குடிக்கப் போறவ நான். காபி ஆறிப்போச்சுன்னுகூடச் சொல்ல முடியாது. நானே ஒட்டு. ஒட்டு மேல ஒட்டா, தம்பியையும் கூட்டிக்கிட்டு வரேன்னு எந்த வாயால கேப்பேன்?"

"நான் கேட்டேன்."

"நீ கேட்டுட்டு வூஸ்டருக்குப் போயிட்டே. நான் இங்க இருந்தேன்."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் சுத்தமாகத் தெரிந்தது.

"எனக்கு வெக்கமா இல்லேன்னு நெனச்சியா? வெக்கத்தோட தூங்கி வெக்கத்தோட எந்திரிச்சுப் பழகிடலாம்டி. நீ பழகிக்கலையா?"

அம்மா அதற்குள் அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள். பிறகு, காலி செய்த அலமாரிகளிலிருந்து எடுத்த பின்னல் மேசைவிரிப்புகளை, நேலியாவின் கல்யாணத்துக்கென்று பின்னி வைத்திருந்ததையும் சேர்த்து, மடித்துத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டைத் திறந்து வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே மழை. கோனி பத்து மணிக்கு வந்தாள். ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம், ஒரு பை பூ, ஒரு டப்பா பிஸ்கட் மாவு, காலில் மாட்டிக்கொள்ள நீலநிறப் பிளாஸ்டிக் உறைகள் ஒரு பெட்டி.

"எல்லாரும் மாட்டிக்கோங்க. தரை பாலிஷ் போட்டிருக்கு, கறை விழக் கூடாது."

"என் வீட்டுக்குள்ள நான் காலுக்கு உறை போட்டுக்கிட்டு நடக்கணுமாடி?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே காலை நீட்டினாள். குனிய முடியாததால் நேலியா மாட்டிவிட்டாள், தானும் மாட்டிக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு வீட்டுக்காரர்கள் வெளியேற வேண்டும். ஆள் இருந்தால் வருகிறவர்கள் வாய் திறந்து பேச மாட்டார்கள் என்பது கோனியின் கணக்கு. மாமாவிடம் எல்மீரோ முந்தின நாளே சொல்லிவைத்திருந்தான். எட்டு மணிப் பூசைக்குப் போனவர் இரண்டு மணிவரை காபிக் கடையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். மற்ற மூவரும் எதிர்ச்சாரியில் எல்மீரோவின் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். ஷெரில் கொடுத்தனுப்பியிருந்த சர்க்கரை தூவிய மலசாடாப் பணியாரம் ஒரு பை இருந்தது. அம்மா தன் கால் உறையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"முன்வாசல் வழியாப் போறா பாரு அந்த மஞ்சக் கோட்டுப் பொண்ணு."

"வாசல்னா அதுக்குத்தானேம்மா."

"நாம போனதுண்டா?" போனதில்லை. அந்த வீட்டு ஆட்கள் பின்வாசலில் கீழ்வீடு வழியாகத்தான் போவார்கள் வருவார்கள். முன்வாசல் சாமியாருக்கும், மொட்டைக் கடிதாசி மாதிரி வந்து சேர்கிற விருந்தாளிகளுக்கும். "உங்கப்பாவை ஸ்ட்ரெச்சர்ல எடுத்துட்டுப் போனப்ப தெறந்தது" என்றாள் அம்மா.

எல்மீரோ பணியாரத்தைக் கடித்தான். "எட்டு பேர் உள்ள இருக்காங்க. நல்ல கூட்டம்."

"அலமாரியெல்லாம் தெறந்து பாப்பாங்களாடா?"

"பாப்பாங்க. அதான கோனி பாதிய எடுக்கச் சொன்னா."

"நல்லவேளை. எடுத்த விரிப்பையெல்லாம் மேல் அடுப்பு ஓவனுக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி வெச்சுட்டேன்" என்றாள் அம்மா பெருமையாக. "அதை யாரு தெறக்கப் போறா?"

எல்மீரோ மெல்லுவதை நிறுத்தினான். "கோனி மாவு கொண்டாந்தாளே. பிஸ்கட் சுட்டா வீடு வாசமா இருக்கும்னு..."

"எதுல சுடுவா?"

அந்த வீட்டில் யாருக்குமே அது அடுப்பு என்று மனதில் பட்டதில்லை. அது வெள்ளைப் பெட்டி. கோனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அம்மாவும் அப்படித்தானே வைத்திருந்தாள்? ஆனால் அவள் தெரியாதவள் மாதிரி வாழ்ந்து வாழ்ந்து நிஜமாகவே மறந்துபோயிருந்தாள். திறந்து பார்க்காமலே முன்கூட்டிச் சூடேற்ற வைத்திருக்கிறாள்.

அவர்கள் தெருவைக் கடந்து ஓடும்போதே அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது.

மேல் சமையலறை கறுப்பாக இருந்தது. கோனி தன் பட்டியல் காகிதத்தால் புகையை விசிறிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்தினாள். ஓவன் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு தெரிந்தது. வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அப்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. நனைத்த கோணியும் வாளியுமாக மாமா ஏறி வந்தார். பனியன், பூசைக்குப் போட்ட கால்சட்டை. காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், இடமில்லாமல் பின்வாசல் வழியாக வந்து பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அலாரம் கேட்டதும் முதலில் கீழேயே கேஸ் குழாயை மூடிவிட்டுத்தான் மேலே வந்திருந்தார்.

"தள்ளுங்க. கதவைத் தெறக்காதீங்க. யாரும் தெறக்காதீங்க."

ஓவன் கதவு இடுக்கை ஈரக்கோணியால் அடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் போயிற்று. நெருப்பு தானாக அடங்கிய பிறகு மெல்லத் திறந்து, புகைந்த துணிகளை இடுக்கியால் இழுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டார். துடைப்பக் கட்டையால் அலாரத்தைத் தட்டி நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது. யாரோ ஒருவர் கை தட்டினார்.

மஞ்சள் கோட்டுப் பெண் மாமாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கெட்டவள் இல்லை, வாங்க வந்தவள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். "இவர் கீழ குடியிருக்கிறாரா? குடியிருப்பவர் யாரும் இல்லையென்றுதானே போட்டிருந்தது?"

கோனி வாய் திறந்தாள். அதற்குள் அம்மா, மூச்சிரைக்கக் கதவைப் பிடித்தபடி நின்ற அம்மா, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

"இல்ல இல்ல. பாய்லர் பாக்கறவரு."

சொல்லிவிட்டு அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. நேராக நேலியாவைப் பார்த்தாள். நீ சொல்லிக்கொடுத்ததுதான் என்கிற மாதிரி.

மாமா கோணியைப் பிழிந்தார். "ஆமாம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "பாய்லர் நல்லா ஓடுது. இன்னும் பத்து வருஷம் தாங்கும்."

நேலியா முன்னால் வந்தாள். "அவர் என் மாமா" என்றாள். குரல் கிறீச்சென்று வந்தது. "என் அம்மாவோட தம்பி. முப்பத்தொரு வருஷமா இங்கதான் இருக்காரு. நீங்க பாத்த சேமிப்பு அறையில கட்டில் போட்டு. நேத்து வரைக்கும் போட்டிருந்தாரு. கீழ நீங்க நிமிர்ந்து நின்னீங்களே, அந்தத் தரையை அவர்தான் தோண்டினாரு."

மஞ்சள் கோட்டு தன் கணவனைப் பார்த்தாள். கோனி, "நேலியா, கொஞ்சம் வெளிய வந்து பேசலாமா?" என்றாள். வந்தவர்களில் இரண்டு பேர் ஓசைப்படாமல் குடையை எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சில் இருப்பது இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மாமா முகத்தைப் பார்த்தாள். பதின்மூன்று வருடம் முன்பு அந்தக் கதவருகே நின்றபோதுகூட அந்த முகம் இப்படிச் சிவக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், பனியனோடு, கரிபடிந்த கையோடு, போக இடமில்லாதவர் என்று அவரை நிறுத்தி வைத்திருந்தாள்.

"உன்னை யாருடி கேட்டா?" என்றார் மாமா, அவர்கள் மொழியில், தாழ்ந்த குரலில். வாழ்நாளில் அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. பிறகு மண்டியிட்டு, பாலிஷ் போட்ட தரையில் சொட்டியிருந்த கரித்தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார். "கறை பட்டுடும்" என்றார் யாரிடமோ.

அம்மா தொட்டியருகே போய், கருகின விரிப்புகளில் ஒன்றை விரித்துப் பார்த்தாள். நடுப் பூ மட்டும் மிஞ்சியிருந்தது. அதை மறுபடி மடித்தாள்.

நேலியா குனிந்து மாமா கையிலிருந்த துணியை வாங்கப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. இரண்டு தடவை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். துடைத்துக்கொடுத்து இதை முடித்துவிட முடியாது. மன்னிப்புக் கேட்டும் முடியாது. அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மார்ச் மாதம் சாப்பிட்டுக்கொண்டே கிறுக்கினாளே, அந்தக் கையெழுத்து.

அவள் முன்வாசல் பக்கம் நடந்தாள். எல்மீரோ கூடத்தைத் தாண்டிப் பின்னாலேயே வந்தான்.

"எங்க போறே? அவங்க இன்னும் உள்ள இருக்காங்க. போய்ச் சிரிச்சுப் பேசு. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லு."

"வீடு விக்கறதுக்கு இன்னொரு கையெழுத்து வேணும்ல?"

"ஆமா. அதுக்கு?"

"அது கெடையாது."

"பைத்தியமாடி உனக்கு? அம்மாவால இந்தப் படி ஏற முடியல. அம்மாவை யோசிச்சியா?"

"யோசிச்சேன். அம்மாவை இன்னைக்கே கூட்டிட்டுப் போ. வீடு நிக்கட்டும். மாமாவுக்குன்னு ஒரு கதவும் அதுக்கு ஒரு சாவியும் எங்கேன்னு சொல்லு, அன்னிக்கு வந்து போட்டுத் தரேன். தையல் மெஷின் இருக்கற ரூமானாலும் சரி, இதே வீடானாலும் சரி. பேக்கரி மேல ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ்னு சொன்னா வர மாட்டேன்."

"அவரே உன்னைத் திட்டினாருடி! கேட்டேல்ல?"

"கேட்டேன். திட்டட்டும்."

உள்ளே கோனி யாரிடமோ பாய்லரின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தரையைத் தேய்க்கிற சத்தம் நிற்காமல் கேட்டது. எல்மீரோ கதவை மறித்து நின்றான். அண்ணன் என்ற உரிமையில் ஒரு கணம், பிறகு ஜனங்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் விலகினான்.

நேலியா முன்வாசல் படிகளில் இறங்கினாள். கெபி இருந்த இடத்தில் புல் வெளுத்து, தொட்டியின் வடிவில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. கார் சரிவின் அடியில், இரண்டு தெரு தள்ளி நின்றது. மழை வலுத்திருந்தது. நடக்க நடக்கக் காலடியில் சர் சர்ரென்று ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள். நீல உறைகள் இரண்டும் இன்னும் காலிலேயே இருந்தன, தண்ணீர் புகுந்து உப்பி. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் அதைக் கழற்றாமலே நடந்தாள்.